பஞ்சவர்ணம் தவறவிட்ட தட்டு

நேற்று உங்கள் ஒத்திகையைப் பார்க்கக் கூப்பிட்டீர்கள். வந்தேன். நல்ல காப்பி கொடுத்தீர்கள், என் முட்டி வலிக்குத் தோதான நாற்காலியாகப் பார்த்துப் போட்டீர்கள். அதிலெல்லாம் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஜீப்பு ஆட்டத்தை ஆடி முடித்துவிட்டு உங்களில் ஒருத்தி பெருமையாகச் சொன்னாளே, "டீச்சர், பழைய வீடியோவுல மூணாவது வளைவுல இருந்து ஓரத்துக்கு அடுத்தாப்புல இருக்குறவங்க கும்மியில ஒரு தட்டு விட்டுக்கிட்டே வர்றாங்க, நாங்க அதைச் சரி பண்ணிட்டோம்" என்று, அங்கேதான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தேன். ஓய்வு பெற்ற பிறகு நான் சாதுவாகிவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். அப்படி இல்லை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியும், அதனால் திறக்கவில்லை. எழுதும்போது கொஞ்சம் மரியாதையாக இருப்பேன் என்று நம்பி எழுதுகிறேன்.

நீங்கள் சரி செய்த அந்தத் தட்டு தப்பே இல்லை. அதைத் தப்பு என்று முதலில் சொன்ன ஆள் நான்தான். அதுவும் உங்களைவிட மோசமாகச் சொன்னேன்.

அந்த ஆட்டத்தை நானும் மதுரையிலிருந்து வந்த ஒரு தம்பியும் சேர்ந்து அமைத்தோம். அவர் பரதம் படித்தவர். நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளியவள், கும்மியும் ஒயிலும் எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஆடினவர்கள் ராசிங்காபுரம் பக்கத்துப் பெண்கள் எட்டுப் பேர். விடியக்காலையில் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாக மலைக்குப் போய், ஏலக்காய் எடுத்துவிட்டு, பொழுது சாயக் கீழே இறங்குகிறவர்கள். கோயில் கும்மியையே திரும்ப ஆடாமல், அவர்களுடைய ஒரு நாளை ஆட்டமாக்கலாம் என்று முடிவு செய்தோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒத்திகை.

முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. தம்பி காய் பறிக்கிற அபிநயம் என்று கையைத் தோளுக்கு மேல் தூக்கி, விரலை மடக்கி, மிக அழகாகப் பறித்துக் காட்டினார். எட்டுப் பேரும் சேலை முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"மாஸ்டரு, ஏலக்காய் என்ன மாங்காயா, அண்ணாந்து பறிக்க?" என்றாள் ராசாத்தி. "அது தூருல காய்க்கும். குத்தவச்சு உக்காருங்க, காட்டுறேன்."

அவரைப் பிடித்துக் கீழே உட்கார வைத்துவிட்டார்கள். செடியின் அடியில், மண்ணை ஒட்டிக் காய் எப்படிக் கிடக்கும், முற்றினதை மட்டும் எப்படிக் கிள்ள வேண்டும், பிஞ்சை எப்படி விட்டுவிட்டு நகர வேண்டும் என்று ஆளுக்கு ஒரு பக்கம் சொல்லிக்கொடுத்தார்கள். பாவம், பரதம் ஆடின கால், அரை மணி நேரம் குந்தியே நகர்ந்தது. அதன் பிறகு அவர் ஒரு அசைவைக்கூட அவர்களிடம் கேட்காமல் வைக்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். நான் உள்ளூர்க்காரி, எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்ததால் நான் எதையும் கேட்கவில்லை. என் தப்பு அங்கே தொடங்கியது.

ராசாத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டுப் பேரில் நல்ல ஆட்டக்காரி அவள், நல்ல குரலும் அவளுக்குத்தான். ஆனால் அதற்கு முந்தைய மழைக்காலத்தில், மலைக்குப் போகும்போது ஒரு வளைவில் ஜீப்பின் பின்னாலிருந்து வெளியே விழுந்துவிட்டாள். வலது கால் எலும்பு ஒடிந்து உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். நடப்பாள், ஆனால் இழுத்து இழுத்துத்தான். மலை வேலைக்கு அப்புறம் அவள் போகவே இல்லை. ஒத்திகைக்கு மட்டும் ஒரு வாரம் தவறாமல் வந்துவிடுவாள்.

நான் அவளைப் பார்த்ததும் மனதுக்குள்ளேயே முடிவு செய்துவிட்டேன். மேடையின் பக்கவாட்டில் ஒரு முக்காலி போட்டு அவளை உட்காரவைத்து, "நீ பாடு ராசாத்தி, ஆட வேணாம்" என்றேன். "சரி டீச்சரு" என்றாள். நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஆட்டத்தின் முதல் பாகம் ஜீப்புப் பயணம். எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு. ஜீப்பின் திறந்த பின்பக்கம் சபையைப் பார்த்து இருக்கும். பெஞ்சுக்கு நாலு பேராக உட்கார்ந்து கும்மி தட்டிக்கொண்டே ஏழு வளைவு ஏறுவார்கள். வளைவு வரும்போது எல்லோரும் ஒருசேரச் சாய்ந்து, நிமிர்கிற இடத்தில் எட்டாவது தட்டு. ஒரே சத்தமாக விழ வேண்டும். அந்தத் தட்டில்தான் பார்க்கிறவர்களுக்குப் புல்லரிக்கும் என்று நானும் தம்பியும் கணக்குப் போட்டிருந்தோம்.

ராசாத்தியை முக்காலிக்கு அனுப்பியதால் ஒரு பெஞ்சில் மூன்று பேர்தான். அதில் ஓரத்தில் இருந்தவள் பஞ்சவர்ணம். ராசாத்தியின் கூடப்பிறந்த தம்பிக்கு மனைவி, ராசாத்தியை மதினி என்று கூப்பிடுவாள். அதிகம் பேசமாட்டாள். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவள். ஆனால் வளைவு வந்தால் போதும், எட்டாவது தட்டு அவளிடமிருந்து வராது. அல்லது எல்லோரும் தட்டி முடித்த பிறகு தனியாகப் 'பட்' என்று ஒன்று விழும். ஏழு வளைவிலும் இதே கதை. இன்னொன்றும் செய்வாள். பெஞ்சின் ஓரத்துக்குத் தள்ளி உட்கார் என்று சொன்னால் தள்ளி உட்காருவாள். அடுத்த முறை பார்த்தால் பழையபடி உள்ளே நகர்ந்து, ஓரத்தில் ஒரு ஆள் உட்காருகிற இடத்தைக் காலியாக விட்டிருப்பாள்.

நான் ஒரு வாரம் பொறுத்தேன், இரண்டு வாரம் பொறுத்தேன். மூன்றாவது வாரம், எல்லோருக்கும் முன்னால் கேட்டேன்:

"ஏன் பஞ்சவர்ணம், அந்தக் காது ரெண்டும் கேக்குறதுக்கா, கம்மல் மாட்டுறதுக்கு மட்டும்தானா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். ராசாத்தி சிரிக்கவில்லை. பஞ்சவர்ணம் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அடுத்த வாரமும் இப்படின்னா ஒனக்குப் பதிலா வேற ஆளப் போட்டுருவேன்" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். நிகழ்ச்சிக்கு அப்போது பத்து நாள்தான் இருந்தது. பயத்தில் இருக்கிற ஆசிரியருக்கு வாயில் நல்ல சொல் வராது. இதை நான் மன்னிப்புக்காகச் சொல்லவில்லை, உங்களுக்கும் அந்தப் பத்து நாள் வரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்த ஞாயிறு பஞ்சவர்ணம் வரவில்லை. ஆள் விட்டுக் கேட்டதற்கு, சோலி கிடக்கு என்று சொல்லி அனுப்பினாள். இத்தனை நாள் கழித்துப் புது ஆளை எங்கே தேடுவது? மறுநாள் விடியக்காலையில் நானே ஜீப்பு நிற்கிற இடத்துக்குப் போனேன். வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"பஞ்சவர்ணம், எறங்கு, ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும்."

"வண்டி நிக்காது டீச்சரு. பேசணும்னா ஏறுங்க. சாயங்காலம் கொண்டாந்து விட்டுருவோம்."

என் வீம்பும் சாமானியப்பட்டதல்ல. ஏறிவிட்டேன். உள்ளே இடமில்லை. பின்பக்கம் திறந்த ஓரத்தில் ஒரே ஒரு இடம், அதில்தான் உட்கார்ந்தேன். பக்கத்தில் பஞ்சவர்ணம். வெளியே பார்த்தால் ரோடு பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

மலையடிவாரத்து முந்தல் தாண்டி ஏற்றம் பிடித்து முதல் வளைவு வந்தது. என் உடம்பு வெளிப்பக்கம் தள்ளியது. அந்த நொடியில் ஒரு கை வந்து என் இடுப்புச் சேலையைக் கொசுவத்தோடு சேர்த்து இறுகப் பிடித்தது. வண்டி நிமிர்ந்ததும் கை விலகிக்கொண்டது. பஞ்சவர்ணம் என் பக்கம் திரும்பக்கூட இல்லை, எதிரில் இருக்கிறவளிடம் ஏதோ ரேஷன் கடைப் பேச்சு பேசிக்கொண்டிருந்தாள். அடுத்த வளைவு. மறுபடியும் கை. அதற்கடுத்த வளைவு. மறுபடியும். எதிர்ப் பெஞ்சிலும் அப்படியே, ஓரத்தில் இருக்கிறவளை அடுத்து இருக்கிறவள் பிடிக்கிறாள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். சாய்கிறோம், ஐந்து, ஆறு, ஏழு. நிமிர்கிற இடத்தில் எட்டு. கை என் இடுப்பில் இருக்கிறது.

கும்மி தட்ட இரண்டு கை வேண்டும் அல்லவா? ஒரு கை ஓரத்தில் இருக்கிறவளைப் பிடிக்கப் போய்விட்டால் தட்டு எங்கிருந்து வரும்? இத்தனை வாரமாக நான் காதால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் கை காலியான இடத்தைத் துழாவிவிட்டுத் திரும்பி வந்து தட்டுவதை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்கவில்லை. கம்மல் மாட்டத்தான் காது என்றேனே, எனக்குக் கண் எதற்கு இருந்தது?

போடிமெட்டில் டீக்கு வண்டி நின்றது. நல்ல மூட்டம், டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் ஒதுங்கி நின்றோம்.

"அந்த ஓரத்துல யாரு உக்காருவா?" என்று கேட்டேன்.

"மதினிதான். உள்ள உக்காந்தா அவங்களுக்குக் கொமட்டும். காத்து வேணும். பாடிக்கிட்டே வருவாங்க."

"நீதான் பிடிச்சுக்குவியா?"

தலையாட்டினாள். டீயைக் குடிக்கவே இல்லை. பிறகு அவளாகவே சொன்னாள். "அன்னைக்கு என் தூக்குவாளி உருண்டு ஓடுச்சு டீச்சரு. சோறெல்லாம் கொட்டிரும்னு ஒரே ஒரு வளைவு, கைய எடுத்து அதப் பிடிச்சேன். திரும்புறேன், மதினியக் காணோம். வண்டி குலுக்குனதுல விழுந்துட்டாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் ஆமான்னுட்டேன். எங்க வீட்டுக்காரருகிட்டகூடச் சொல்லல."

அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "நான் சொன்னத மனசுல வச்சுக்காத ஆத்தா" என்றேன். ஒரு ஆசிரியையாக என் வாயிலிருந்து மன்னிப்பு வந்தது அதுதான் முதல் தடவை. என் மாணவர்கள் கேட்டால் நம்பமாட்டார்கள்.

அன்று சாயங்காலம் இறங்கியதும் நேரே ராசாத்தி வீட்டுக்குப் போனேன். பஞ்சவர்ணம் சொன்னதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று வழி முழுக்க யோசித்தேன். அது என் சொத்தல்ல, எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமையில்லை என்று முடிவு செய்தேன். அதனால் என்றைக்கோ கேட்டிருக்க வேண்டியதை மட்டும் கேட்டேன்.

"ராசாத்தி, ஒனக்கு ஒன் இடத்துல உக்காந்து ஆடணுமா?"

"இம்புட்டு நாள் கழிச்சுக் கேக்குறீங்களே டீச்சரு. எனக்குக் காலுதான ஒடஞ்சுச்சு? கும்மி கையாலதான தட்டுறது? அதுவும் உக்காந்துக்கிட்டு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆட்டத்தின் அடுத்த பாகத்தில் ஜீப்பை விட்டுக் குதித்து ஓடுகிற இடம் வருகிறது, அதை நினைத்து மொத்த ஆட்டத்திலிருந்தும் அவளை எடுத்திருக்கிறேன்.

"விழுந்த எடத்துலயே உக்காரப் பயமா இருக்காதா?"

"பஞ்சு பக்கத்துல இருப்பாள்ல." காலைத் தடவிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இடுப்புல இருந்த கை இல்லாமப் போனது எனக்குத் தெரியாமலா இருக்கும்? நானா பேச்செடுத்தா குத்திக்காட்டுறேன்னு நெனைப்பா. அவளாச் சொல்லட்டும்னு இருக்கேன். ஒரு வருஷமா வாயே தெறக்க மாட்டேங்குறா புள்ள. என் முகத்தப் பாத்துச் சிரிச்சே எம்புட்டு நாளாச்சு."

ஆக, அந்த ஆட்டத்தில் உண்மையில் எது சீராக வேண்டியிருந்தது என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் வைத்த கடைசி ஒத்திகையில் ராசாத்தி ஓரத்தில் உட்கார்ந்தாள், பாட்டையும் அங்கிருந்தே பாடினாள். பஞ்சவர்ணம் வந்தாள். ஏழு வளைவு. ஏழிலும் எட்டாவது தட்டு அச்சுப் பிசகாமல் எட்டுப் பேரிடமிருந்தும் விழுந்தது. தம்பிக்கு ஒரே குஷி. நான் பஞ்சவர்ணத்தின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலியான இடத்தைத் துழாவிய அந்தக் கை, ஆள் வந்து உட்கார்ந்ததும் மடியை விட்டு நகரவில்லை. இருவருக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள்.

தம்பியிடம் ஜீப்பில் பார்த்ததை மட்டும் சொன்னேன். "அப்ப எட்டுல அவங்க இடுப்பைப் பிடிக்கிற மாதிரி வச்சிரலாமே அக்கா, பிரமாதமா இருக்கும்" என்றார். பிரமாதமாகத்தான் இருந்திருக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிடி என்று நான் சொல்லி அவள் பிடித்தால் அது என் பிடி. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கூடச் சேர்ந்து ஆட்டம் அமைக்கிறவரிடம் இந்தக் குணம் இருந்தால், அவரை விட்டுவிடாதீர்கள்.

நிகழ்ச்சி நாள் மாலை. மேடையைப் போய்ப் பார்த்தால், சொன்ன அகலத்தில் முக்கால்தான் இருந்தது. பெஞ்சைப் போட்டால் ஓரத்து இடம் மேடையின் விளிம்புக்கு வந்துவிடுகிறது. கீழே ஓர் ஆள் உயரத்துக்குப் பள்ளம், தடுப்புக் கம்பு ஒன்றும் கிடையாது. எங்களுக்குக் கால் மணி நேரம்தான் இருந்தது. அமைப்பாளர், "அந்த அம்மாவப் பேசாம முக்காலியில உக்காரவச்சுப் பாடச் சொல்லுங்க டீச்சர், ரிஸ்க் எடுக்காதீங்க" என்றார். நியாயமான பேச்சு. ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் அவர் சொல்வதற்கு முன்பே நான் முக்காலியைத் தூக்கி வந்திருப்பேன்.

இந்த முறை ராசாத்தியிடம் போனேன். விளிம்பைக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள்.

"இது ஒரு பள்ளமா டீச்சரு? நான் பாக்காத பள்ளமா?" என்றாள். பஞ்சவர்ணம் பக்கத்தில்தான் நின்றாள், அவளுக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள்.

பயத்தில் முடிவெடுக்கிறேனா, பார்த்து முடிவெடுக்கிறேனா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். பயம் போகவில்லை. ஆனாலும் பெஞ்சை அப்படியே போடச் சொன்னேன். மேடைக்குக் கீழே, அந்த விளிம்புக்கு நேராகத் தம்பியையும் அவர் கூட்டாளி ஒருவரையும் நிற்கவைத்தேன். தைரியம் வேறு, அசட்டுத்தனம் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆட்டம் தொடங்கியது. முதல் வளைவு. எட்டாவது தட்டு சுத்தமாக விழுந்தது. பஞ்சவர்ணத்தின் கை மடியில்தான். இரண்டாவது வளைவும் அப்படியே. மூன்றாவது வளைவில் எல்லோரும் சாய்ந்தார்கள், ராசாத்தி மட்டும் அளவுக்கு மேல் சாய்ந்தாள். ஒத்திகையில் அப்படிச் சாயவே இல்லை அவள். பாடிக்கொண்டே, தலையும் தோளும் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விட்டன. கீழே தம்பி இரண்டு கையையும் தூக்கிவிட்டார். மேடையின் பக்கவாட்டில் நின்ற நான் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்துவிட்டேன்.

பஞ்சவர்ணத்தின் கை போய் அவள் இடுப்புச் சேலையைக் கொத்தாகப் பிடித்தது.

ஏழு பேர் தட்டிய சத்தம் கேட்டது. ராசாத்தி நிமிர்ந்தாள், பாட்டில் ஒரு சொல்கூட விடவில்லை. தம்பி கீழிருந்து என்னை அண்ணாந்து பார்த்தார், விரலால் எட்டு போச்சு என்று காட்டினார். போகட்டும் என்று தலையாட்டினேன். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது. அந்தக் கை ஒரு வளைவிலும் தவறவில்லை. ஒரு வளைவிலும் அவளிடமிருந்து தட்டு வரவுமில்லை. எனக்குக் கண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

அடுத்த பகுதியில் ஜீப்பு நின்று, மற்றவர்கள் குதித்து இறங்கிக் காய் எடுக்கப் போனார்கள். பஞ்சவர்ணமும் போக வேண்டியவள்தான். போகவில்லை. பெஞ்சிலேயே மதினி பக்கத்தில், நடுவில் ஒரு சாண்கூட இல்லாமல் ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ஆறு பேரே ஆடி முடித்தார்கள். சனங்கள் கைதட்டினார்கள். அதுதான் ஆட்டம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு எத்தனையோ ஊரில் ஆடினோம், நான் அதில் ஒன்றையும் மாற்றவில்லை.

எல்லோரும் மேடையை விட்டு இறங்கிய பிறகு, ராசாத்தி எழுந்திருக்க ஒரு கை கொடுக்கலாம் என்று பெஞ்சுக்குப் போனேன். பஞ்சவர்ணம் இன்னும் பிடித்தபடியே இருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன.

"மதினி, அன்னைக்கு நான் தூக்குவாளியப் பிடிக்கப் போயி..."

"தெரியும்ல" என்றாள் ராசாத்தி. "விடு புள்ள. ஜீப்பு நின்னுருச்சு."

"நிக்கட்டும் மதினி" என்றாள் பஞ்சவர்ணம்.